சொந்தக்காரர் வெளியில்

இரத்தினசோதி எழும்புவதா விடுவதா என்று யோசிப்பதற்கு முதலே அவருடைய உடம்பு எழும்பிவிட்டது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. உதைபந்தாட்டக் கழகத் தலைவர் கெவின் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "ரஸ், அடுத்தது உன்ர குடும்பத்துப் பொடியன்ர பேர். முறைப்படி நீ கொஞ்சநேரம் வெளியில நிக்கவேணும், என்ன?" இரத்தினசோதியை ரஸ் ஆக்கிய கெவின் சொன்னது இங்கிலிஷில்தான். ஆனால் மெல்பேர்னுக்கு வந்து இத்தனை காலமாகியும் இரத்தினசோதியின் காதுக்குள் போகிற எந்தப் பாஷையும் கரவெட்டித் தமிழாக மாறித்தான் உள்ளே இறங்கும். குடும்பத்துப் பொடியன். அந்தச் சொல் இறங்கி முடிவதற்குள் கதிரை பின்னுக்குத் தள்ளப்பட்டு, கண்ணாடி மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப்பட்டு, கதவு திறக்கப்பட்டு, சத்தம் கேட்காமல் சாத்தவும் பட்டுவிட்டது. போதாக்குறைக்கு "தாங்ஸ்" என்று வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எதுக்குத் தாங்ஸ்? வெளியில போ என்றதுக்கா? இப்போது உடை மாற்றும் அறையில், தான் வழக்கமாகப் பொடியள் எல்லாருக்கும் கணுக்காலுக்குப் பட்டி சுற்றிவிடுகிற நீள வாங்கில், தானே ஒரு காயக்காரன் மாதிரிக் குந்தியிருந்தார். தைல நெடி மூக்கில் அடித்தது. பயிற்சி முடித்துப் போனவர்களின் சப்பாத்திலிருந்து உதிர்ந்த சேறு தரை முழுக்க. உள்ளே கதைப்பது இரைச்சலாகக் கேட்டது, சொல்லாகக் கேட்கவில்லை. நடுவில் கெவினின் சிரிப்பு மட்டும் தெளிவாக வந்தது. ஒரு ஆளின் சனிக்கிழமையை வைத்துத் தீர்ப்புச் சொல்கிற இடத்தில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது?

வழக்கம் நல்ல வழக்கம், அதை அவர் குறை சொல்லவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் பயிற்சி முடிந்ததும் தெரிவுக்குழு கூடும், வெள்ளைப் பலகையில் பெயர்த் துண்டுகளைக் காந்தத்தால் ஒட்டி ஒட்டிப் பிடுங்கிப் பிடுங்கிச் சண்டைபிடிக்கும், சொந்தக்காரனின் பெயர் வந்தால் அந்த ஆள் எழும்பி வெளியில் போய்விடவேணும். இந்த நாட்டில் தான் பார்த்த நாகரிகங்களுக்குள் இது ஒரு பெரிய நாகரிகம் என்று அவரே மனுசியிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். சரி, நாகரிகம். அப்படியென்றால் பயிற்சியாளர் டேமியனின் தம்பி லூக்கின் பெயர் வந்தபோது டேமியன் ஏன் அசையவில்லை? அசையாதது மட்டுமில்லை, காலை நீட்டிக்கொண்டு மற்றக் கதிரையில் போட்டிருந்தான். கெவினைப் பார்த்து இரத்தினசோதி இரண்டு தரம் செருமினார். கெவின் அவருக்குத் தண்ணீர்ப் போத்தலை நகர்த்திவிட்டான். "டேமியன் கோச் எல்லோ, கோச்சும் வெளியில போனால் ஆர் ரீமைத் தெரியிறது?" என்று முந்தி ஒருநாள் விளக்கம் சொன்னவனும் இவன்தான். கோச்சின் தம்பி தம்பியில்லையாக்கும். கோச்சாக வரேக்குள்ளை இரத்தத்தை வடித்து ஊற்றிவிட்டு வருகினம் ஆக்கும். இங்கே நாலே நாலு பேர்: கெவின், டேமியன், ஒருகாலத்தில் கப்டனாயிருந்த கிழவன் பாரி, அடுத்தது தான். ஆருக்குக் கால் சரி, ஆருக்கு முழங்கால் பொய் சொல்லுகிறது என்று பட்டி சுற்றுகிறவனுக்குத்தான் தெரியும் என்று பாரி பிடிவாதமாக நின்று தன்னையும் குழுவில் போட்டவன். அந்த நாலில் ஒன்றை வெளியில் விட்டுவிட்டுத் தமையன்காரனை உள்ளே வைத்துக்கொண்டு, ஒரேயொரு இடத்துக்கு, தம்பியா, இவர்கள் சொல்லுகிற 'குடும்பத்துப் பொடியன்' நிரூபனா என்று பேசுகிறார்கள்! தோள் எலும்பு உடைந்தவனின் இடம் அது. சனிக்கிழமை அரையிறுதி, தோற்றால் வருசம் முடிந்தது. லூக் பாலித் தீவில் கடற்கரை மணலில் கிடந்து, உரித்த கோழி மாதிரிச் சிவந்துபோய்ப் போன கிழமைதான் வந்து இறங்கியவன். இன்றைக்குப் பயிற்சியில் ஓடி, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினான். அதை டேமியன் பார்க்கவில்லையா? பார்த்தான். பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பி விசிலை ஊதினான்.

நிரூபனைப் பற்றி அவர்கள் என்ன சொல்லுவார்கள் என்று இரத்தினசோதிக்கு எழுதிப் படித்த மாதிரித் தெரியும். பந்தே எடுக்கிறானில்லை என்பார்கள். இந்த நாட்டு உதைபந்தில் கையாலும் பிடித்து ஆடலாம், எத்தனை தரம் பந்து கையில் பட்டது என்று எண்ணிக்கொண்டு வருவதற்கு எல்லைக்கோட்டில் ஒருத்தன் நிற்கிறான், அவனுடைய கணக்கில் நிரூபன் எப்போதும் கடைசி. எட, மண்டையில் ஒன்றுமில்லாத ஆக்களே, அவனுடைய வேலை பந்து எடுக்கிறதா? எதிர்ப்பக்கத்தில் ஆர் மிகத் திறமோ அவனோடு காலையில் ஒட்டினால் மாலையில்தான் விடுவான். அவன் ஓட இவன் ஓடுவான், அவன் பாய இவன் தோளைக் கொடுப்பான், அவன் தண்ணீர் குடிக்கப் போனால் இவன் பக்கத்தில் நின்று அவனுடைய போத்தலைப் பார்ப்பான். கூட்டம் கைதட்டாது. தட்டுவதற்கு ஒன்றும் நடக்காது, நடக்காமல் பண்ணுவதுதானே தொழில். இவன் தொட்டதை எண்ணுகிறீர்கள், இவனால் மற்றவன் தொடாமல் விட்டதை ஆர் எண்ணினீர்கள்? இந்த வசனம் நன்றாக வந்திருக்கிறது என்று இரத்தினசோதிக்குப் பட்டது. இங்கிலிஷில் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். வாங்குக்கு எதிரேயிருந்த கண்ணாடியில் ஒரு மெலிந்த கறுத்த மனிதர் விரலை நீட்டிக்கொண்டு வாயசைப்பது தெரிந்தது. விரலை மடக்கினார். போன வருசமும் இப்படித்தான், இறுதிச் சுற்று வந்தபோது வியாழக்கிழமை அவனுடைய பெயர்த் துண்டைப் பலகையிலிருந்து எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார்கள். "அடுத்த வருசம், மேட்." அடுத்த வருசம் இதுதான். இதற்கு அடுத்ததில் அவன் இங்கே இருக்கமாட்டான், பேர்த்துக்குப் போகிறான், சுரங்கத்தில் வேலை எடுத்தாயிற்று. மழைக்குள்ளும் சேற்றுக்குள்ளும் ஓடி ஓடி, ஒரு இறுதிச் சுற்று ஆட்டம்கூட ஆடாமல் போய்விடுவான். இது கடைசி வாசல். வாசலில் நின்று பேசக்கூடிய ஒரே ஆளைப் பிடித்து வெளியில் விட்டிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு வழி இருந்தது. சின்ன வழி. எழும்பி, கதவைத் திறந்து, அவன் எனக்குச் சொந்தமில்லை என்று சொன்னால் போதும். உண்மையும் அதுதான். தான் கரவெட்டி, அவன் முல்லைத்தீவுக் கடற்கரை. தாயும் தகப்பனும் அவனும் வள்ளத்தில் வந்து, தீவுத் தடுப்புமுகாமில் கிடந்து, பிறகு இந்த ஊரில் பள்ளிக்கூடம் போய்ப் பந்து பழகியவன். மைதானத்தில் முதன்முதல் கண்டபோது எல்லாரையும் கேட்கிற மாதிரித்தான் அவனையும் கேட்டார், எந்த ஊர், ஆரின்ர மகன், எந்தக் கோயிலடி. கேட்டுக்கேட்டுப் போனதில் ஒரு நூல்கூட இந்தப் பக்கம் வந்து முடியவில்லை. கார் இல்லாதவன், தான் போகிற வழி, ஏற்றி இறக்கினார், அவ்வளவுதான் தொடக்கம். இரண்டு கறுத்த ஆக்கள் ஒரே காரில் வந்து இறங்கினால் இவர்களுக்கு அது குடும்பம். இத்தனை வருசம் இவர்களுடைய கால்களைப் பிடித்துப் பட்டி சுற்றுகிறேன், எந்தப் பாதத்தில் எந்த விரல் வளைந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன், என்னைப் பற்றி இவர்களுக்கு இவ்வளவுதான் தெரியும்! சொல்லவேண்டியதுதான். கெவின், அவன் எனக்கு ஒன்றுமில்லை. நல்ல சுத்தமான வசனம், என்னுடைய கதிரையைத் தா. ஆனால் அந்த வசனத்தை நாக்கில் எடுத்து வைத்தால் அது தகப்பனாரின் குரலில் வந்தது. "உவன் எங்கட ஆளில்லை." தகப்பனார் அதைக் கோபமாகச் சொன்னதே கிடையாது. இன்றைக்கு மழை வராது என்கிற மாதிரிச் சொல்லுவார். ஊரில் கரப்பந்தாட்டக் கழகத்துக்குத் தகப்பனார்தான் செயலாளர். கோயில் திருவிழாவோடு வருகிற சுற்றுப்போட்டிக்கு ஆள் தெரிவு செய்கிறார்கள், அரியம் என்று ஒருத்தன், வலைக்கு மேலே இடுப்பு வரையும் எழும்புவான், அவன் அடித்த பந்து மணலில் குழி தோண்டும். பந்துக்குக் காற்றடிக்கிற வேலைக்காக மூலையில் குந்தியிருந்த இரத்தினசோதி, அரியத்தின் பெயரைத்தான் முதல் சொல்லப்போகினம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். தகப்பனார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அந்த வசனத்தைச் சொன்னார். ஒருத்தரும் மறுத்துக் கதைக்கவில்லை. படலைக்கு வெளியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற அரியம் ஏறி மிதித்துப் போன சத்தம் கேட்டது. செயின் தளர்ந்த சைக்கிள். பேந்து போட்டியில் நேர் தோல்வி. "தோத்தாலும் எங்கட ஆக்களோட தோத்தம்" என்றார் தகப்பனார், அதிலும் ஒரு திருப்தி! அங்கே எங்கட ஆளில்லையென்று வெளியில் விட்டார்கள், இங்கே உங்கட ஆளென்று வெளியில் விடுகிறார்கள். எந்தப் பக்கத்தால் பிடித்தாலும் ஆட்டம் தெரிந்தவன் வெளியில். தவமலர்கூட, தன்னோடு இவ்வளவு காலம் வாழ்ந்த மனுசி, நிரூபன் முதல்நாள் சாப்பிட வந்தபோது குசினிக்குள் கூப்பிட்டு "இஞ்சேருங்கோ, உவை எந்த ஆக்கள்?" என்று கேட்டாள். முல்லைத்தீவு என்றார். "அதில்லை" என்றாள். அது இல்லையென்று தனக்கும் தெரியும். மேசைக்கு வந்தபோது எல்லாருக்கும் சோற்றுக்குப் பீங்கான் கோப்பை, அவனுக்கு மட்டும் கடதாசிக் கோப்பை. டிஷ்வோஷர் பழுதாம். மெல்பேர்னில்! அந்தக் கடதாசிக் கோப்பையை இழுத்துத் தன் முன்னால் வைத்து, தன்னுடையதை அவனிடம் தள்ளிவிட்டு, குழம்பு கசியக் கசியத் தின்று முடித்தார். தவமலர் ஒரு கிழமை கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறாள், அவனுக்கு மீன் பொரித்தும் கொடுக்கிறாள், ஆனால் கோப்பை எடுக்கப்போகும்போது கை ஒரு கணம் நிற்கிறது, அதை அவர் காண்கிறார், கண்டுகொண்டு இருக்கிறார். இந்தக் கை நிற்பதற்கெல்லாம் நடுவில் போய், அவன் எனக்கு ஒன்றுமில்லை என்று, அதுவும் வெள்ளைக்காரருக்கு முன்னால், எப்படிச் சொல்லுகிறது? சொல்லாமல் விட்டால் அவனுடைய ஆட்டம் போகிறது. சொன்னால்...

"என்ன அங்கிள், வகுப்புக்கு வெளியில விட்டுட்டாங்களோ?" நிரூபன்தான். தலை வாசலில் இடிக்காமல் குனிந்து வந்தான். கையில் பாணுக்குள் வைத்த சொசேச், வெங்காயம் தொங்கியது. முன்பக்கத்தில் பொடியளுக்கு இறைச்சி சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். "வாயைக் குறைச்சிருந்தால் உள்ளுக்கு விட்டிருப்பாங்கள். என்ன, அம்பயரைப் பேசினமாதிரி கெவினையும் பேசிப்போட்டியளோ?" "போடா அங்காலை. தெரிவு நடக்குது, நீ இஞ்சை நிக்கக்கூடாது." "நீங்களும் தெரிவுக்குழு, நீங்கள் மட்டும் இஞ்சை நிக்கலாமோ?" நிரூபன் பக்கத்தில் வந்து குந்தினான், வாங்கு முனகியது. "என்ர பேரோ?" என்றான், இப்போது குரலில் பகிடி இல்லை. "ஓம். நீ என்ர குடும்பமாம், நான் நிக்கக்கூடாதாம். உவங்களுக்கு ஆர் சொன்னது நீ என்ர குடும்பமெண்டு? தங்கட பாட்டில கற்பனை பண்ணுறாங்கள், எல்லாக் கறுப்பனும் ஒரு வயித்தில பிறந்தவங்களெண்டு..." நிரூபன் சொசேச்சைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தான். "அது நான்தான் அங்கிள் சொன்னது." "என்ன?" "வந்த புதுசில டேமியன் கேட்டவன், உது உன்ர மாமாவோ எண்டு. நான் ஓமெண்டிட்டன். பேந்தென்ன சொல்லுறது? இரவல் காரில ஏத்திக்கொண்டு திரியிற, சும்மா சும்மா என்னைப் பேசிற ஒரு கிழவன், ஆளை ஆரெண்டு எனக்கே தெரியாதெண்டோ?" "இரவல் காரோ? எட, காசு கட்டி முடிச்ச கார்!" "பாத்தியளே, பேசுறியள்." சிரித்தான், சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்தான். "பிழையெண்டால் சொல்லுங்கோ. நான் போய் டேமியனிட்டை மாத்திச் சொல்லுறன்." இரத்தினசோதிக்கு நெஞ்சுக்குள் ஏதோ இடம்மாறி உட்கார்ந்தது. கோபம்தான், வேறென்ன, தன்னைக் கேட்காமல் ஒருத்தன் தன்னை மாமனாக்கி வைத்திருக்கிறான், அதனால்தான் இன்றைக்கு அவனுக்காகப் பேச ஆளில்லை, விசரன். "நீ ஒண்டையும் மாத்தவேண்டாம். போய்ச் சாப்பிடு. வெங்காயம் கால்ல விழுது."

அவன் போய்ச் சிறிது நேரத்தில் கதவு திறந்தது. கெவின் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான், கலியாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி. "வா ரஸ், வா. எல்லாம் முடிஞ்சுது." பலகையில் லூக்கின் பெயர் அந்த இடத்தில் இருந்தது. நிரூபனின் பெயர் கீழே தனியாக, மேலதிக ஆள் என்ற இடத்தில். ஆட்டம் தொடங்குவதற்கு முதல் ஆருக்காவது வயிற்றோட்டம் வந்தால் அவன் இறங்கலாம், இல்லாவிட்டால் உடுப்பைப் போட்டுக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கலாம். "மேலதிகத்துக்கு நாங்கள் வேற ஆளைத்தான் யோசிச்சம்," என்றான் கெவின், குரலைத் தணித்து, "ஆனா நீ இந்தக் கழகத்துக்குச் செய்ததுகளை நினைச்சு, உன்ர மருமகன் எண்டபடியால்... குறைஞ்சது எல்லாரோடையும் சேந்து படத்துக்கு நிக்கலாமெல்லோ, என்ன?" டேமியன் பேனையின் மூடியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான். பாரி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். படத்துக்கு நிற்கலாம். ஓடி ஓடித் தேய்ந்த காலுக்குப் படம். அதுவும் தனக்காக, தன்னுடைய முகத்துக்காக, பிச்சை! வாங்கில் இருந்து ஒத்திகை பார்த்த வசனங்கள், தொட்டது, தொடாமல் விட்டது, எல்லாம் எங்கேயோ போய்விட்டன. வாயைத் திறந்தபோது வந்தது வேறு ஒன்று. "ஓம். அவன் என்ர பிள்ளைதான்," என்றார் இரத்தினசோதி. "என்ர குடும்பம்தான். அதுக்காகத்தான் நான் எழும்பிப் போனனான், மறுத்து ஒரு சொல்லுப் பறையாமல் போனனான். இப்ப டேமியன் எழும்பட்டும்." கெவின் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினான். "ரஸ், டேமியன் கோச்..." "கோச்சுக்குத் தம்பி இல்லையோ? வாங்கு நீளமாயிருக்கு. எனக்குப் பக்கத்தில இடமிருக்கு. நானும் உள்ளுக்கு வரேல்லை, அவனும் இருக்கவேண்டாம். நீயும் பாரியும் ரெண்டு பேரையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் கதையுங்கோ. பேந்து லூக் எண்டால் லூக். நான் சனிக்கிழமை லூக்கின்ர காலுக்கும் பட்டி சுத்துவன். ஆனா இந்தப் படத்துக்கு நிக்கிற சோலி வேண்டாம். அந்தப் பேரைக் கீழயிருந்து எடு." கதவை விரியத் திறந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எடுத்துவிட்டால் இருந்த அந்தத் துண்டு இடமும் போய்விடும், தன் வாயால்தான் போகும், பேர்த்துக்குப் போகிறவரைக்கும் அவனுடைய முகத்தில் முழிக்க ஏலாது. என்றாலும் கதவை விடவில்லை. கெவின் பாரியைப் பார்த்தான். பாரி யன்னலிலிருந்து திரும்பவேயில்லை. "எழும்பு, டேமோ," என்றான் கிழவன். "அந்தாள் போனவர்தானே."

இரண்டு பேரும் வாங்கில் இருந்தார்கள். நடுவில் பட்டிச் சுருள்கள் வைக்கிற பெட்டி. டேமியன் முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு சேற்றைப் பார்த்தான். மைதானத்தில் பெரிய குரலாய்க் கத்துகிறவன், வெளியில் இருத்தினால் இவ்வளவு சின்ன ஆளா என்று இரத்தினசோதி கடைக்கண்ணால் பார்த்தார். பார்த்தும் கோபம் ஆறவில்லை. உள்ளே பாரியின் குரல்தான் அதிகம் கேட்டது, கெவின் சிரிக்கவில்லை. "உனக்குத் தெரியுமோ," என்றான் டேமியன் திடீரென்று, "லூக் நிண்டு மூச்சு வாங்கினதை நானும் பாத்தனான்." இரத்தினசோதி திரும்பவில்லை. "பாத்தனி. விசில் ஊதினனி." "அம்மா சொல்லிப்போட்டா. அவனை எடுக்காட்டி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வீட்டு வாசல் மிதியாதை எண்டு. அவன் கடைக்குட்டி. அப்பா செத்தாப்பிறகு அவவுக்கு அவன்தான் எல்லாம்." ஓகோ! ஒரு அரையிறுதி, பதினெட்டுப் பேர், ஒரு வருசத்து மழை, எல்லாம் ஒரு மனுசி அடுப்பில் சுடுகிற ஆட்டிறைச்சித் துண்டில் வந்து நிற்கிறது. இதைக் கேட்க இவ்வளவு தூரம் கப்பலேறி வரவேண்டியிருந்ததா? சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். டேமியன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டார்.

பாரிதான் கதவைத் திறந்தது. "நிரூபன்," என்றான். "முதலிலேயே இறங்குறான். அவங்கட ஒன்பதாம் இலக்கத்தோட ஒட்டவேணும். லூக் இந்தமுறை இல்லை." தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான். டேமியன் எழும்பி வெளியே போய், இறைச்சி சுடுகிற புகைக்குள் நின்ற நிரூபனின் தோளில் கைவைத்து ஏதோ சொல்வது வாசலில் நின்ற இரத்தினசோதிக்குத் தெரிந்தது. நிரூபனுடைய அந்த நீளக் கைகள் இரண்டும் தலைக்குமேல் போயின, பாண் எங்கேயோ பறந்தது, பொடியள் கத்தினார்கள். இரத்தினசோதி பெட்டியை மூடினார். சந்தோசப்படவேண்டிய இடம்தான், ஆனால் இது முதலே வந்திருக்கவேண்டிய இடம், போன வருசமே வந்திருக்கவேண்டியது, அதை நினைக்க நினைக்கத் திரும்பவும் பற்றிக்கொண்டு வந்தது. டேமியன் கார்த் திறப்பைக் கையில் உருட்டியபடி திரும்பி வந்தான். "லூக் அம்மா வீட்டிலதான் நிப்பான். ரெண்டு பேருக்கும் இப்பவே சொல்லவேணும். ரஸ்... நீயும் கூட வருவியோ? நீயும் ஒரு குடும்பக்காரனெல்லோ, நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தனியப் போகப் பயமாயிருக்கு." அவனுடைய முகம் விளையாட்டாக இல்லை. இரத்தினசோதி ஜாக்கெட்டை எடுத்துக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினார். அந்த அம்மாவை அவருக்குத் தெரியும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மடக்குக் கதிரையோடு வந்து எல்லாரையும் பேசுகிறவள், குரல் மைதானத்தின் அந்தக் கரைக்கும் கேட்கும்.

"வாறன்," என்றார். "ஆனா நான் மன்னிப்புக் கேக்கமாட்டன்."